தூண்டில் போட்டுப் பிழைக்க முடியுமா?

அமெரிக்காவில் ஒருவர் தூண்டில் போட்டே ஒரே வாரத்தில் ஒரு லட்சம் டாலர் பரிசு பெற்றார் என்ற செய்தி கைப்பேசி வழியாக நம் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. படித்த இளைஞர்கள் சிலர் கிடைத்த வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகக் கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் கவலையோடு கேட்கிறார்கள். செய்தி பொய்யல்ல. ஆனால் பரிசு என்பது மொத்த வரவு. சாகுபடிச் செலவைக் கழிக்காமல் எந்த விவசாயியாவது இலாபக் கணக்குச் சொல்வாரா?

இந்தப் போட்டிகள் தொடங்கிய விதத்தை முதலில் பார்ப்போம். அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ரே ஸ்காட் என்ற காப்பீட்டு முகவர் 1967 ஜூன் மாதம் ஆர்கன்சாவில் உள்ள பீவர் ஏரியில் ஒரு போட்டி நடத்தினார். 106 பேர் தலைக்கு 100 டாலர் கட்டிக் கலந்துகொண்டனர். பரிசு கொடுப்பதற்கான பணம் போட்டியாளர்களின் சட்டைப்பையிலிருந்தே வந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மறு ஆண்டு அவர் 'பாஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். 1971-இல் மீட் ஏரியில் நடந்த முதல் 'கிளாசிக்' போட்டியில் வென்ற பாபி மரேக்கு 10,000 டாலர் கிடைத்தது. இன்று அதே போட்டியின் முதல் பரிசு 3 லட்சம் டாலர்.

போட்டிக்கு உரிய மீன் 'பாஸ்' எனப்படும் நன்னீர் மீன். நம் விராலைப் போலவே சிறு மீன், தவளை முதலியவற்றைப் பாய்ந்து பிடித்துத் தின்னும் இயல்புடையது. ஒரு நாளைக்கு ஐந்து மீன்களின் எடைதான் கணக்கு. மீனைப் படகிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, எடை போட்டபின் ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். செத்த மீனுக்கு எடையில் 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் கழிப்பார்கள். மேலும் ஏரியில் பிடித்த பாஸ் மீனை விற்பது அந்நாட்டின் பல மாநிலங்களில் குற்றமாகும். ஆகவே, தூண்டில்காரர் என்று பெயர் பெற்றவருக்கு மீனால் ஒரு காசும் வருவதில்லை!

பின் எதனால் வருகிறது? செலவிலிருந்து தொடங்குவோம். முதல்தரப் போட்டி வரிசையில் ஓராண்டுக்குச் சுமார் ஒன்பது போட்டிகள். இவற்றுக்கான நுழைவுக் கட்டணம் மட்டுமே ஏறத்தாழ 40,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால் 34 லட்சம் ரூபாய். 250 குதிரைத்திறன் இயந்திரம் பூட்டிய படகு புதிதாக வாங்கினால் ஒரு லட்சம் டாலரை எட்டுகிறது. அதை இழுத்துச் செல்ல வண்டி, நீருக்கடியில் மீனைக் காட்டும் ஒலியலைக் கருவிகள், எரிபொருள், தங்கும் விடுதி எல்லாம் தனி. ஒவ்வோர் ஏரியிலும் மூன்று நாள் பழகிப் பார்த்து, பிறகு நான்கு நாள் போட்டி. முதல் இரண்டு நாளில் பின்தங்கியவர் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஏதாவது பணம் கிடைக்கும். நான்கு போட்டிகளில் தலா 10,000 டாலர் வாங்கினார் என்று வைத்துக்கொண்டாலும் அது நுழைவுக் கட்டணத்துக்கே சரியாகிவிடும். மற்றதெல்லாம் கைப்பணம்.

இந்தப் பள்ளத்தை நிரப்புவது நிறுவனங்கள் தரும் விளம்பரப் பணம். படகு, தூண்டில், கருவி செய்வோரின் பெயர்களைச் சட்டை முழுதும் தைத்துக்கொண்டு, கண்காட்சிகளில் நின்று பேசி, படம் எடுத்து வெளியிட்டு அதை ஈட்ட வேண்டும். பெயர் பெறாதவர்களுக்குப் பணத்துக்குப் பதில் விலைத் தள்ளுபடிதான் கிடைக்கிறது. சுருங்கச் சொன்னால் இது மீன்பிடித் தொழில் அல்ல, விற்பனைத் தொழில். கூச்ச சுபாவமுள்ள நல்ல தூண்டில்காரரைவிட, நன்றாகப் பேசத் தெரிந்த சுமாரான தூண்டில்காரர் நீடித்து நிற்கக்கூடும்.

வென்றவர்கள் இல்லாமல் இல்லை. ரிக் கிளன் என்பவர் எண்ணெய் நிறுவனத்தில் கணிப்பொறி வேலையை விட்டு 1974-இல் இத்தொழிலுக்கு வந்தார். கிளாசிக் போட்டியை நான்கு முறை வென்றார். 2019-இல் 72-ஆம் வயதிலும் புளோரிடாவில் ஒரு பெரிய போட்டியில் முதலிடம் பெற்றார். கெவின் வான்டாம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போட்டியிட்டு 60 லட்சம் டாலருக்கு மேல் பரிசு பெற்றவர். ஒரு வயலில் விளைந்த அதிசயக் கதிரைக் காட்டி ஊர் முழுதும் அதே விளைச்சல் என்று சொல்வது எவ்வளவு சரியோ, இவர்களைக் காட்டி இளைஞர்களை அழைப்பதும் அவ்வளவே சரி.

பண நெருக்கடியும் பரிசு ஆசையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2022 செப்டம்பரில் ஈரி ஏரியில் நடந்த போட்டி ஒன்றில் முதலில் வந்த இருவரின் மீன்களை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் ஈயக்குண்டுகள் இருந்தன. 2023-இல் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பத்து நாள் சிறை, படகும் பறிபோயிற்று.

பிறரை ஏரிக்கு அழைத்துச் சென்று மீன் பிடிக்க வழிகாட்டுவது இதைவிட நிதானமான பிழைப்பு. போட்டிக்காரர்களில் பலரும் இடையிடையே இதைச் செய்கிறார்கள். ஆனால் இதுவும் பிறர் கையிலுள்ள பிழைப்பே. நமக்குப் பக்கத்திலேயே, ஒகேனக்கல்லுக்கு மேற்புறம் காவிரிக் கரையில் பீமேஸ்வரி, காலிபோர் முகாம்களில் மகசீர் மீனைப் பிடித்துத் திரும்ப விடும் விளையாட்டு பல்லாண்டுகள் நடந்தது. உள்ளூர் மக்கள் வழிகாட்டிகளாக வேலை பெற்றனர். அப்பகுதி வனவிலங்குச் சரணாலயம் என்பதால் 2012 வாக்கில் அது நிறுத்தப்பட்டது. வழிகாட்டிகளின் அந்த வேலையும் அதோடு போயிற்று.

ஆக, தூண்டில் உலகில் பணம் தூண்டில் பிடித்தவரிடமிருந்து வெளியே போகிறதே தவிர அவரிடம் வந்து சேர்வது குறைவு. நிலமும் நீரும் உள்ள விவசாயி நிற்க வேண்டிய இடம் எது என்பது இதிலிருந்தே தெரியும். அலபாமாவின் ஆபர்ன் நகரில் ஹோமர் ஸ்விங்கிள் என்ற விஞ்ஞானி 1930-களில் பண்ணைக் குட்டைகளில் ஆராய்ச்சி தொடங்கினார். பாஸ் மீனுக்கு இரையாகப் புளூகில் என்ற சிறு மீனைச் சேர்த்து, குட்டைக்கு உரமிட்டு வளர்க்கும் முறையை உருவாக்கினார். அந்நாட்டில் குட்டை வைத்திருக்கும் விவசாயிகள் சிலர், தூண்டில் போட வருவோரிடம் நாள் கட்டணமோ, பிடித்த மீனின் எடைக்கு விலையோ வாங்குகிறார்கள்.

நகரத்துக்கு அருகில், வண்டி போகும் பாதையோடு குட்டை வைத்திருப்போர் இதைச் சிறிய அளவில் முயன்று பார்க்கலாம். முழு வருமானமாக நம்ப வேண்டாம். வழக்கமான மீன் விற்பனை நடக்கட்டும், வார இறுதியில் மட்டும் தூண்டிலுக்கு விடலாம். ரோகு, சாதாக் கெண்டை ஆகியவை மாவு உருண்டைக்கு எடுக்கும். விரால் விடுவதானால் கெண்டைக் குஞ்சுகளோடு சேர்க்கக் கூடாது, தின்றுவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடைசெய்யப்பட்டது, யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். தூண்டில் விடும் நாளுக்கு முந்தின மாலை தீனியைக் குறைத்தால் மீன் நன்றாகக் கடிக்கும். பிடித்ததைத் திரும்ப விடும் முறையானால், கொக்கி நுனியிலுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடச் சொல்லுங்கள். மீன் காயமின்றிக் கழலும். பொது ஏரி, அணைகளில் மீன் உரிமை குத்தகைதாரருக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ இருக்கும் என்பதால் அங்கே ஆட்களை அழைத்துச் செல்லுமுன் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டையில் கால் வழுக்கி விழுந்தவர் தானாக ஏறிவர முடியாது. நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு கட்டித் தொங்கவிட்ட பிறகே முதல் ஆளை உள்ளே விடுங்கள்.