பழைய பேப்பர்காரரிடம் போன எல்லைக் கதை

திருநள்ளாறு என்றதும் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சனி பகவானும் நள தீர்த்தமும்தான். சனிப்பெயர்ச்சிக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போகிற லட்சக்கணக்கான பேரில், வருகிற வழியில் ஒரு எல்லையைத் தாண்டி வந்தோம் என்று எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள்? பேரளம் பக்கமிருந்து வந்தால் அம்பகரத்தூருக்கு முன்னால் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி மாநிலம் ஆரம்பிக்கிறது. இன்றைக்கு ஒரு பெயர்ப் பலகை, சில மதுக்கடைகள், அவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தில் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிரான்ஸ், அந்தப் பக்கம் இந்தியா!

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. எனக்கே இதன் அருமை தெரியாமல்தான் இருந்தது. ஒரு தகரப் பெட்டிதான் கண்ணைத் திறந்தது. அதை நான் எடைக்குப் போட்ட பிறகு!

என் மாமியார் காரைக்கால் டவுனில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா வைத்திருந்த பெட்டி அது. இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு வெள்ளையடித்தோம். அத்தை நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்த சமயம். பெட்டியைத் திறந்தேன். கரையான் அரித்த காகிதங்கள், புரியாத பாஷை, மேலே சிவப்பு முத்திரை. 'குப்பை' என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அத்தை திரும்பி வந்து காலிப் பெட்டியைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து, பையனுடைய பள்ளிக்கூடப் பாடத்துக்காக அத்தையையும் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடி போனோம். காரைக்காலிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். கடலோரத்தில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்துக் கட்டியது. கோட்டைக்குள்ளேயே தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பீங்கான் பாத்திரங்கள், சீனத்துத் தேயிலை ஜாடிகள், வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டுகள், திமிங்கலத்தின் எலும்பு எல்லாம் வைத்திருக்கிறார்கள். பையன் திமிங்கலத்தை விட்டு நகரவில்லை. அத்தையோ பழைய காகிதங்கள் பக்கம் நின்றுவிட்டார்.

"ஏம்மா, நம்ம பெட்டியிலயும் இந்த மாதிரிதானே இருந்துச்சு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடிக்குள் பூட்டிப் பாதுகாக்கிற பொருளை நான் கிலோ கணக்கில் விற்றிருக்கிறேன்!

அதன் பிறகுதான் விசாரிக்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் வரை சுமார் 35 கிலோமீட்டர் கடற்கரை. அதற்குள் எத்தனை கொடி பறந்திருக்கிறது பாருங்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர், 1658-லிருந்து டச்சுக்காரர்கள், 1781-லிருந்து ஆங்கிலேயர்கள். நடுவில் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள். காவிரித் தண்ணீரில் விளைந்த நெல்லும் நம்மூர் நெசவுத் துணியும்தான் அத்தனை பேரையும் இழுத்தது.

தஞ்சை மராத்திய அரசரிடம் 50,000 சக்கரம் பணத்துக்குப் பேரம் பேசி, 1739 பிப்ரவரி 14-ல் காரைக்காலையும் ஒரு கோட்டையையும் ஐந்து கிராமங்களையும் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்ற கிராமங்களும் சேர்ந்தன. 1760-ல் ஆங்கிலேயர்கள் முற்றுகை போட்டுப் பிடித்தார்கள். அப்புறம் திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். கடைசியில் 1817-ல்தான் நிலையாகப் பிரான்சிடம் வந்தது. எங்கோ ஐரோப்பாவில் அவர்கள் சண்டை போட்டால், இங்கே வயலில் நாற்று நடுகிறவளுக்கு ராஜா மாறிவிடுவார்!

1947-ல் நாடு சுதந்திரம் அடைந்தும் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது. 1949-ல் இரண்டு பக்கத்துக்கும் இருந்த சுங்க ஒப்பந்தம் முடிந்து, எல்லையில் சாவடிகள் முளைத்தன. அப்போது அத்தை சின்னக் குழந்தை. பேரளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மாட்டு வண்டியில் திரும்பும்போது, தாம்பூலப் பையைக்கூட விடாமல் அவிழ்த்துப் பார்த்தார்களாம். "எங்கம்மா மடியில கட்டியிருந்த சில்லறையைக்கூட எண்ணிக் காட்டினாங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்கு இந்தப் பாடு" என்று இன்றும் சொல்வார்.

1954 அக்டோபர் 18-ல் புதுச்சேரியை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் சம்மதம், 8 பேர் மறுப்பு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுதாகச் சேர்ந்ததோ 1962 ஆகஸ்ட் 16-ல்தான்.

இங்கேதான் அத்தையின் பெட்டி வருகிறது. அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அத்தையின் சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்த 'சொல்தா', பென்ஷன்காரர். அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், கொடுக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோறு தின்ற அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர்! பிறகு சித்தப்பா குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கிருந்து வந்த கடிதங்கள்தான் பெட்டியில் இருந்தவை. அத்தைக்கு அது வெறும் சரித்திரமா, சொல்லுங்கள்? சித்தப்பாவின் கையெழுத்து அல்லவா!

நல்ல வேளையாக, அத்தையின் அப்பாவுக்குப் பிறப்புப் பதிவு செய்த பிரெஞ்சுக் காகிதம் ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று, தெரிந்தவர்களிடம் கேட்டுச் சில வழிகள் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் பழைய பத்திரம், கடிதம், போட்டோ இருந்தால் உபயோகப்படும்:

* பழைய காகிதத்தை வெயிலில் காயப் போடாதீர்கள். நிழலில், காற்றாட வைத்தால் போதும்.

* செல்லோ டேப் ஒட்டவே கூடாது. லாமினேஷனும் வேண்டாம். குண்டூசி, கிளிப் இருந்தால் எடுத்துவிடுங்கள். கடல் காற்றில் துருப்பிடித்துக் காகிதத்தை அரித்துவிடும்.

* சுவரை ஒட்டிப் பெட்டியை வைக்காதீர்கள்; ஈரம் ஏறும். காய்ந்த வேப்பிலை, வசம்பு இரண்டையும் துணியில் முடிந்து, காகிதத்தில் படாமல் ஓரமாகப் போடுங்கள்.

* போட்டோவில் இருப்பவர் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு, தனித்தாளில் பென்சிலால் எழுதிச் சேர்த்து வையுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை திருநள்ளாறு வருகிறவர்கள், தரிசனம் முடிந்ததும் ஒரு நாள் கூடத் தங்குங்கள். தரங்கம்பாடிக் கோட்டையைப் பாருங்கள். புதுச்சேரி வழியாகப் போகிறவர்கள் பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பல்லக்கையும் பார்க்கலாம். விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அந்தத் தகரப் பெட்டி காலியாக இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை சொல்லச் சொல்லப் பையன் நோட்டில் எழுதுகிறான். ஒரு நோட்டு முடிந்து பெட்டிக்குள் போயாயிற்று. "எடைக்குப் போட்டுடாதேம்மா" என்று அத்தை சிரிக்கிறார். நான்தான் இன்னும் சிரிக்க முடியாமல் இருக்கிறேன்.