கறவை வைத்திருப்போருக்கு விடுமுறை

மாட்டுப் பொங்கலன்று ஏர் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை சூட்டி, கழுத்தில் நுகத்தடி படாமல் விட்டுவைப்பது நம் குடியானவர்களின் வழக்கம். அதே தொழுவத்தில் நிற்கும் கறவைப் பசுவையோ அன்றும் காலை மாலை இருவேளையும் கறந்தே தீரவேண்டும். நெல் பயிரிடுவோருக்கு அறுவடைக்கும் அடுத்த நாற்றங்காலுக்கும் நடுவே சில வாரங்களாவது கிடைக்கின்றன. பால் மாடு வைத்திருப்போருக்கு வருஷத்தில் 730 வேளைக் கறவை உண்டு. அதில் ஒன்றும் குறைவதில்லை. கூலியாளாயின் எஜமானனிடம் லீவு கேட்கலாம். தானே எஜமானனாயிருப்பவன் யாரிடம் கேட்பது? வீட்டு ஸ்திரீகளே கறக்கும் குடும்பங்கள் அநேகம். அவர்களுடைய ஓய்வைப்பற்றி நினைப்பவர் அதனினும் சிலரே.

ஒரு வேளை கறவாமல் விட்டால் மடியில் பால் தேங்கி மாடு வேதனைப்படும். அடிக்கடி அவ்விதம் நேர்ந்தால் பால் குறைவதோடு மடிநோய்க்கும் இடமாகும். ஆகையால் இத்தொழிலில் வேலையை நிறுத்தி ஓய்வு பெற வழியில்லை. கையை மாற்றியே ஓய்வு பெறவேண்டும். எஜமானன் காய்ச்சலாய்ப் படுத்தபின் மாற்றாளைத் தேடுவோர், வந்தவன் கைக்கு மாடு பால் விடவில்லையென்று கண்டு, நல்ல பசுவை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு.

மாடு பாலை அடக்கிக்கொள்வது பிடிவாதத்தினாலன்று. கன்று முட்டும்போதும், மடியைக் கழுவித் துடைக்கும்போதும், மூளையின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோஸின் என்னும் ரஸம் இரத்தத்தில் கலந்து மடியை அடைந்து பாலை இறக்குகின்றது. அதன் வேகம் ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு நிமிஷங்களே நிற்கும். புதிய ஆள், அதட்டல், அடி இவற்றால் மிரண்ட மாட்டுக்கு அது சரிவர வேலை செய்வதில்லை. இதற்காகச் சிலர் மாட்டுக்கு ஊசி போடுவது மிகவும் கண்டிக்கத்தக்க வழக்கம். மாற்றாளை மாட்டுக்கு முன்கூட்டியே பழக்குவதே சரியான முறை. வாரத்தில் ஒரு மாலை, எஜமானன் அருகில் நிற்க, மற்றொருவர் கறக்கட்டும். வேளை, தீவனம், மாடுகளைக் கறக்கும் வரிசை எதுவும் மாறலாகாது. மாடு அசைபோட்டுக்கொண்டு நின்று பாலை முழுதும் விடத் தொடங்கியபின் எஜமானன் விலகிக்கொள்ளலாம்.

மாற்றாள் சம்பளக்காரனாயிருக்க வேண்டுமென்பதில்லை. வாய்க்கால் நீரை முறை வைத்துப் பாய்ச்சும் ஊரில், அண்டை வீட்டார் இருவர் கறவையையும் முறை வைத்துக்கொள்ளலாம். இவர் ஒரு நாள் இரு தொழுவங்களையும் பார்த்தால் அவர் மறுவாரம் பார்ப்பார். ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். கூட்டுறவு பால் சங்கத்தில் கொழுப்பையும் மற்றத் திடப் பொருள்களையும் பார்த்து விலை போடுவதால், இருவர் பாலையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றலாகாது. தனித்தனிப் பாத்திரத்தில் கொண்டுபோய், அவரவர் அங்கத்தினர் எண்ணிலேயே பதியச் செய்யவேண்டும். சங்கக் காரியதரிசியும் ஊர்ப் பெரியவர்களும் இத்தகைய முறையை முன்னின்று ஏற்படுத்தினால் மனஸ்தாபங்கள் பெரிதும் குறையும். பின்லாந்து தேசத்தில் 1996ஆம் வருஷத்துச் சட்டப்படி, தகுதியுள்ள கால்நடைக் குடியானவருக்கு வருஷத்தில் 26 நாள் விடுமுறையும், அந்நாட்களில் தொழுவத்தைக் கவனிக்க மாற்றாளும் உண்டு. நமக்கு அத்தகைய சட்டமில்லை. அண்டை வீட்டுக்காரர் இருக்கிறார்.

இனி, பசுவின் ஓய்வைக் கவனிப்போம். ஈனுவதற்கு முன் சுமார் 60 நாள் கறவை வற்றவிட வேண்டும் என்பதைத் தேர்ந்த குடியானவர் யாவரும் அறிவர். அதே நாட்களைத் தன் ஓய்வாகவும் ஆக்கிக்கொள்ளலாம் என்பதை நினைப்பவரோ அரிது. சினைக்காலம் சுமார் 280 நாள். புரட்டாசி முதல் வாரத்தில் சினைப்பட்ட பசு ஆனி நடுவில் ஈனும். சித்திரை நடுவிலிருந்து அதற்குக் கறவையில்லை. பசுந்தீவனம் அருகி, வெயில் கொடிதாயிருக்கும் காலமும் அதுவே. நான்கு பசுக்கள் வைத்திருப்பவர் இரண்டையேனும் இவ்விதம் ஒருமித்து வற்றச் செய்தால் தொழுவ வேலை பாதியாகும். இரண்டே பசு வைத்துக் கடன் தவணை கட்டுவோர் இதைச் செய்யவேண்டாம். இரண்டும் ஒருங்கே வற்றினால் பணம் வரும் வழி அடைபடும். அவர்களுக்கு அண்டை வீட்டு முறையே தகுந்தது.

கறவை இயந்திரம் வாங்கினால் ஓய்வு வருமென்று சிலர் எண்ணுகின்றனர். கைவலி குறையும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காலையும் மாலையும் அதனருகில் ஓர் ஆள் நின்றாக வேண்டும். உதிரிப் பாகங்களைக் கழுவுவதும் ஒரு வேலையே.

முறை தொடங்குமுன், எந்தப் பசு உதைக்கும், எதற்கு எவ்வளவு புண்ணாக்கு, எது எப்பொழுது சினைக்கு விடப்பட்டது, கால்நடை வைத்தியரை எங்கே கண்டு அழைப்பது என்பவற்றை ஒரு தாளில் எழுதித் தொழுவத்துத் தூணில் ஒட்டிவைப்பது நன்று. முதன்முறை வெளியூர் போகிறவர் ஒரு மாலையும் மறுநாட் காலையும் மட்டும் போய்த் திரும்பி, மடியைத் தொட்டுப் பார்த்து, சங்கச் சீட்டிலுள்ள அளவைக் கவனிக்கட்டும். பால் குறைந்திருந்தால் மாற்றாள் இன்னும் சில மாலைகள் பழகவேண்டும். குறையாதிருந்தால் அடுத்த தடவை மூன்று நாள் போகலாம்.