கோடாய் இறங்கும் மழை

மழைத்துளி கோடு அன்று. விரைந்து வீழ்வதால் நம் கண்ணுக்கு அது இழையாக நீண்டு தோன்றுகிறது, அவ்வளவே. ஆயினும், மழையை வரையச் சொன்னால் பள்ளிச் சிறுவனும் சாய்கோடுகளைத்தான் இழுப்பான். இந்தக் கோட்டை ஏற்பதா, விடுப்பதா என்பதில் உலக ஓவியர்கள் வெவ்வேறு வழிகளில் சென்றிருக்கின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் புகழ்பெற்ற மழை ஓவியங்கள் பலவற்றில் கோட்டைக் காண்பது அரிது. ஆங்கில ஓவியர் டர்னர் 1844இல் காட்சிக்கு வைத்த 'மழை, நீராவி, வேகம்' என்னும் படத்தில், தேம்ஸ் ஆற்றுப் பாலத்தின்மேல் புகைவண்டி விரைகிறது. மழையோ வண்ண மூட்டமாகப் பரவி நிற்கிறது. பிரெஞ்சு ஓவியர் கயபோத் 1877இல் தீட்டிய பாரிசுத் தெருவில் ஒரு துளியும் விழக் காணோம். விரித்த குடைகளும், ஈரத்தில் மின்னும் தெருக் கற்களுமே மழைநாளை உணர்த்துகின்றன.

நம் நாட்டு இராசபுத்திர, பஹாரி ஓவியர்கள் அவர்களுக்கு முன்பே கோட்டுக்குத் தயங்கவில்லை. கருமேகம், பொன்னிழையாய் நெளியும் மின்னல், வெண்ணிறத்தில் நுண்கோடுகளாய் மழை. கீழே காதலனைத் தேடி இருளில் நடக்கும் நாயகி. அங்கே மழை வெறும் பருவநிலை அன்று. அவளது உள்ளத்தின் நிலையும் ஆகும்.

கோட்டின் சிறப்பைக் காண ஜப்பானுக்குத்தான் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட மரக்கட்டை அச்சுப்படம் ஒன்றில், எடோ நகரப் பாலத்தின்மேல் திடீரென மழை கொட்டுகிறது. மக்கள் குனிந்து ஓடுகின்றனர். எடோ என்பது இன்றைய டோக்கியோ. வானிலிருந்து இறங்கும் கருங்கோடுகள் மயிரிழை போன்றவை. அச்சுக்கட்டையில் மேடாக நிற்கும் பகுதியே மையைப் பற்றும். எனவே ஒவ்வொரு மழைக்கோட்டுக்கும் இருபுறமும் மரத்தைச் செதுக்கி எடுத்து, கோட்டை மட்டும் ஒடியாமல் விட்டுவைக்க வேண்டும். கை சற்றே பிசகினால் மழையே அறுபட்டுவிடும்! படத்தில் ஹிரோஷிகேயின் பெயர் இருக்கிறது. அந்த மழையில் பெரும்பங்கு செதுக்கிய கைக்கு உரியது என்பதை மறத்தலாகாது.

இப்படத்தை வான்கோ 1887இல் பாரிசில் எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். தூரிகைக்கு அந்த மயிரிழை வசப்படவில்லை. ஆனால் அவர் கோட்டை விடவில்லை. 1889இல் பிரான்சின் சான் ரெமி நகரில் மனநோய் விடுதியில் தங்கியிருந்தபோது, சுவர் சூழ்ந்த கோதுமை வயலில் பெய்த மழையைத் தீட்டினார். வயல், சுவர், குன்று அனைத்தின்மீதும் சாய்கோடுகள் விழுகின்றன. தம் இறுதி ஆண்டான 1890இல் ஓவேர் சிற்றூரின் மழையை வரைந்தபோதும், படம் முழுவதையும் குறுக்கே வெட்டிச் செல்லும் நீண்ட கோடுகளையே இழுத்தார்.