‘ஃபார்மர்’ யார்? ‘நாமினி’ யார்?

கணக்குத் தொடங்கும் படிவத்தில் வாடிக்கையாளர்கள் மிகக் குறைந்த நேரம் செலவிடும் இடம், கணக்கை யார் இயக்குவது என்று கேட்கும் கட்டமே ஆகும். பெயரையும் பிறந்த தேதியையும் இருமுறை சரிபார்ப்பவர்கள்கூட, அங்கு வந்ததும் “நீங்களே டிக் செய்துவிடுங்கள் சார்” என்று படிவத்தை எங்களிடம் நீட்டிவிடுகின்றனர். அங்குள்ள ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ ஒரே பொருளுடையவை போலத் தோன்றுவதே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கிளையில் கூட்டுச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த முதியவர் ஒருவர் பக்கவாதத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கட்டணம் செலுத்தப் பணம் எடுக்க அவருடைய மனைவி பாஸ்புத்தகத்துடன் வந்தார். நாங்கள் பணம் தர இயலவில்லை. “என் பெயரும் இதில் இருக்கிறதே சார்” என்றார். பெயர் இருந்தது; ஆனால் கணக்கு ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ முறையில் இருந்தது.

‘ஃபார்மர்’ என்றால் ‘முன்னாள்’ என்பதே நம்மில் பலர் அறிந்த பொருள். தமிழில் எழுதினால் உழவர் என்றும் படிக்கலாம். வங்கிப் படிவத்திலோ அது, இருவருள் முதலில் பெயர் குறிக்கப்பட்டவரைச் சுட்டும். அவர் உயிருடன் உள்ளவரை அவர் மட்டுமே பணம் எடுக்கலாம். மற்றவருக்கு அவ்வுரிமை அவரது மறைவுக்குப் பின்னரே வரும். ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்றிருந்தால் இருவருள் எவரும் எடுக்கலாம். ‘ஐதர்’ இருவருக்கான சொல். மூவரோ அதற்கு மேற்பட்டவரோ இருப்பின் ‘எனிஒன்’ என்று குறிக்க வேண்டும். ‘ஜாயின்ட்லி’ என்றால் அனைவரும் கையொப்பமிட வேண்டும்.

கையொப்பமிட இயலாத நோயாளியின் பெருவிரல் அல்லது கால்விரல் ரேகையை இரு சாட்சிகள் முன்னிலையில் பெறலாம் என்றும், அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி வழிவகுத்துள்ளது. அன்று மாலையே எங்கள் அதிகாரி ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றார். பெரியவருக்கு நினைவு இருந்ததால் அது இயன்றது.

‘ஐதர்’ முறையிலும் ஓர் எல்லை உண்டு. நிரந்தர வைப்புத்தொகையை முதிர்வு நாளில் ஒருவரே பெறலாம். முதிர்வுக்கு முன் எடுக்க இருவரின் கையொப்பமும் தேவைப்படும். ஒருவர் மறைந்தபின் மற்றவர் முன்கூட்டியே எடுக்க விரும்பினால், அதற்கு இருவரும் முன்னரே எழுத்துமூலம் இசைவு தந்திருக்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே எழுதித் தருவது எளிது.

அடுத்தது ‘நாமினி’. தமிழில் இதனை ‘வாரிசு’ என்றே பலர் சொல்லிவிடுகின்றனர். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நாமினி, வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். அப்பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ முடிவு செய்யும். உச்ச நீதிமன்றமும் 2010-இல் இதனை உறுதிப்படுத்தியது. கூட்டுக் கணக்கில் ‘சர்வைவர்’ இருக்கும்வரை நாமினிக்கு உரிமை எழாது. கணக்குதாரர் அனைவரும் மறைந்த பின்னரே அவர் முறை வரும்.

2025 நவம்பர் 1 முதல் நான்கு நாமினிகள் வரை குறிக்கலாம். இங்கும் இரு சொற்கள் உள்ளன. ‘சைமல்டேனியஸ்’ என்றால் நால்வருக்கும் குறிப்பிட்ட விழுக்காட்டில் ஒரே நேரத்தில் பங்கு. கூட்டுத்தொகை 100 ஆக வேண்டும். ‘சக்ஸஸிவ்’ என்றால் முதலாமவர் இல்லாதபோது இரண்டாமவர் என்ற வரிசை. வைப்புக் கணக்குகளுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். லாக்கருக்கு வரிசைமுறை மட்டுமே.

இயக்கும் முறையை மாற்றக் கணக்குதாரர் அனைவரும் ஒப்பமிட்ட கடிதம் வேண்டும். அந்தப் பெரியவர் உடல் தேறியபின், மனைவியின் தோளைப் பற்றியபடி கிளைக்கு வந்தார். “இவள் பெயரை முதலில் போட்டுவிடலாமா?” என்று கேட்டார். ‘ஐதர்’ முறையில் யார் பெயர் முதலில் இருந்தாலும் இருவருமே பணம் எடுக்கலாம் என்று சொல்லி, கடிதத்தை அவர்முன் வைத்தோம். இடது கைப் பெருவிரலைப் பதித்துவிட்டு, அதை மனைவியின் பக்கம் நகர்த்தினார்.