உங்களுக்குத் தெரியுமா? 16 வயதிலேயே வாக்காளர் பதிவு!

அமெரிக்காவில் வாக்குரிமை வயது 21 ஆக இருந்த காலத்தில், 1943-இல் அதை முதன்முதலில் 18 ஆகக் குறைத்த மாநிலம் ஜார்ஜியா. நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது 1971-இல், 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால்தான்.

● கலிபோர்னியா, கொலராடோ, ஹவாய் மாநிலச் சட்டங்களின்படி 16 வயதிலேயே வாக்காளராக முன்பதிவு செய்துகொள்ளலாம். 18 நிறைந்ததும் வாக்களிக்கலாம்.

● ஓட்டுநர் உரிமம் பெற வருவோரைத் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை 2015-இல் முதலில் இயற்றியது ஓரிகன். விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம்.

● இல்லினாய் மாநிலத்தில், நவம்பர் பொதுத்தேர்தலுக்குள் 18 நிறைபவர்கள், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் 17 வயதிலேயே வாக்களிக்கலாம்.

பதிவுச் சிக்கலால் ஓர் இளைஞரின் முதல் வாக்கு வீணாகக் கூடாது. பதிவு செய்யும் வழியை எளிதாக்குவது அரசின் கடமை.