நாடு கடன் வாங்கினா நல்லதா... கெட்டதா?

பரீட்சை தள்ளிப் போகுதுன்னு சொன்னா யாருக்குத்தான் கசக்கும்? ஆனா, 2022 மார்ச் மாதம் இலங்கையின் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சைகள் தள்ளிப் போனதற்குக் காரணம் மழை இல்லை, ஸ்டிரைக்கும் இல்லை. வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை! காகிதமும் மையும் வெளிநாட்டிலிருந்து வரணும். அதுக்கு டாலர் வேணும். நாட்டின் கஜானாவில் டாலர் இல்லை.

அடுத்த மாதம், ஏப்ரல் 12-ம் தேதி, 'வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது' என்று இலங்கை அரசு கையை விரித்தது. நாட்டின் மொத்த வெளிக்கடன் சுமார் 5,100 கோடி டாலர். 1948-ல் சுதந்திரம் வாங்கியதிலிருந்து அந்த நாடு வெளிக்கடனில் தவணை தவறியது அதுதான் முதல் முறை.

'பார்த்தீங்களா, கடன் வாங்கறதே தப்பு'ன்னு உடனே தீர்ப்பு எழுதத் தோணுதா? கொஞ்சம் பொறுங்க. உங்க கிளாஸ்ல எத்தனை பேர் எஜுகேஷன் லோன்ல படிக்கிறாங்கன்னு எண்ணிப் பாருங்க. அவங்க எல்லாம் தப்பு பண்ணினவங்களா என்ன? நாளைக்குச் சம்பாதிக்கப் போற பணத்தை இன்னிக்கே கொஞ்சம் எடுத்துப் படிக்கிறாங்க, அவ்வளவுதான். நாடுகளும் இதையேதான் செய்கின்றன. சில நாடுகள் பாஸ், சில நாடுகள் அரியர்ஸ். வித்தியாசம் எங்கே வருதுன்னு பார்ப்போம்.

கொரியா போட்ட கணக்கு

1960-களில் தென்கொரியா ஓர் ஏழை நாடு. போரில் நொறுங்கிப் போயிருந்தது. இரும்பு ஆலை கட்டணும்னு ஆசைப்பட்டாங்க. 'உங்களுக்கு எதுக்கு இரும்பு ஆலை, கட்டுப்படியாகாது' என்று உலக வங்கி உதட்டைப் பிதுக்கியது. 1965-ல் ஜப்பானுடன் போட்ட ஒப்பந்தத்தின்படி 30 கோடி டாலர் இனாமாகவும், 20 கோடி டாலர் கடனாகவும் வர வேண்டியிருந்தது. அதில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு, ஜப்பானிடம் மேற்கொண்டும் கடன் வாங்கி, போஹாங் என்ற கடலோர ஊரில் ஆலையைக் கட்டினாங்க. 1968-ல் கம்பெனி தொடங்கியது. 1973-ல் முதல் கட்டம் முடிந்தது.

அந்த இரும்பு கப்பலாச்சு, காராச்சு. கப்பலும் காரும் வெளிநாட்டுக்குப் போச்சு. திரும்பி வந்தது டாலர்! 1980-களின் நடுவில் தென்கொரியாவின் வெளிக்கடன் 4,600 கோடி டாலரைத் தாண்டியது. நாட்டின் ஒரு வருஷ வருமானத்தில் பாதிக்கு மேல். வளரும் நாடுகளிலேயே பெரிய கடனாளிகள் பட்டியலில் அதுவும் ஒன்று. ஆனாலும் நாடு மூழ்கவில்லை. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஏற்றுமதி வருமானம் பொங்க, கடனைக் குறைத்துக்கொண்டது.

அதே கொரியா 1997-ல் வழுக்கி விழுந்ததும் உண்மை. இந்தத் தடவை மாட்டியது வங்கிகளும் பெரிய கம்பெனிகளும். சில மாதங்களில் திருப்பிக் கட்ட வேண்டிய டாலர் கடனை வாங்கி, பல வருஷம் கழிச்சுப் பலன் தரும் தொழில்களில் போட்டிருந்தாங்க. 'புதுப்பிச்சுத் தர மாட்டோம், பணத்தை எடு' என்று கடன்காரங்க ஒரே நேரத்தில் கதவைத் தட்ட, ஐ.எம்.எஃப். எனப்படும் சர்வதேச நிதியத்திடம் ஓட வேண்டியதாயிற்று. 1998-ல் கல்யாண மோதிரம் உட்பட வீட்டுத் தங்கத்தை மக்களே வரிசையில் நின்று கொடுத்தாங்க. சேர்ந்தது 200 டன்னுக்கு மேல்! 2001-ல், கெடுவுக்கு முன்பாகவே நிதியத்தின் கடனை அடைத்தார்கள்.

இலங்கை சறுக்கிய இடம்

இலங்கைக்கு ரொம்ப காலம் கிடைத்தது குறைந்த வட்டிக் கடன். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் எல்லாம் நிதானமாகத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கொடுத்தன. நாடு கொஞ்சம் வசதியானதும் 'நீங்கதான் நடுத்தர வருமான நாடு ஆயிட்டீங்களே' என்று அந்தச் சலுகை சுருங்கியது. 2007-ல் முதல் முறையாக உலகச் சந்தையில் கடன் பத்திரம் விற்றது இலங்கை. 50 கோடி டாலர், 8.25 சதவிகித வட்டி, 5 வருஷக் கெடு. 2009-ல் போர் முடிந்த பிறகு இப்படிப் பத்திரம் விற்பது பழக்கமாகிவிட்டது.

இந்தப் பத்திரங்களில் ஒரு சிக்கல் உண்டு. நம்ம பைக் லோன் மாதிரி மாதா மாதம் அசல் கழியாது. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே வரணும். கெடு நாளில் மொத்த அசலையும் ஒரே தவணையில் எடுத்து வைக்கணும். அந்த நாளைக்குக் கையில் டாலர் இல்லைன்னா? இன்னொரு பத்திரம் விற்று இதை அடைக்கணும். ஒரு கிரெடிட் கார்டு பில்லை இன்னொரு கார்டில் கட்டற கதை.

'எல்லாம் சீனாக்காரன் வலை'ன்னு பலர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அம்பாந்தோட்டைத் துறைமுகமும் (2010) மத்தள விமான நிலையமும் (2013) சீனக் கடனில் எழுந்தவைதான். போட்ட பணத்துக்கு ஏற்ற வருமானம் வரலை என்பதும் உண்மை. துறைமுகத்தை 2017-ல் 112 கோடி டாலருக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். ஆனா, அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. நாட்டின் டாலர் கையிருப்பில் சேர்ந்தது. அரசின் வெளிக்கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சந்தைப் பத்திரங்கள். சீனாவின் பங்கு அதைவிடக் குறைவு. கழுத்தை முதலில் நெரித்தது பத்திரங்களின் கெடுதான்.

அதற்கு மேல் அடி மேல் அடி. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் டூரிஸ்ட் வரத்து விழுந்தது. அதே வருஷக் கடைசியில் புது அரசு வாட் வரியை 15-லிருந்து 8 சதவிகிதமாக வெட்டியது. 2020-ல் கொரோனா. 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட, விளைச்சலும் படுத்தது. புதுக் கடன் தர ஆள் இல்லை. அப்படியும் 2022 ஜனவரியில், கெடு முடிந்த ஒரு பத்திரத்துக்காக 50 கோடி டாலரை எண்ணி வைத்தது அரசு. அந்த டாலரில் மருந்தும் எரிபொருளும் வாங்கியிருக்கலாமே என்று அப்போதே சண்டை நடந்தது.

இன்னொரு கணக்கையும் போடுங்க. 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதம் சுமார் 360. அதாவது 100 டாலர் கடன் 20,000 ரூபாயிலிருந்து 36,000 ரூபாயாக வீங்கிவிட்டது. மேற்கொண்டு ஒரு டாலர்கூட வாங்காமலேயே! செப்டம்பரில் விலைவாசி முந்தைய வருஷத்தைவிட ஏறக்குறைய 70 சதவிகிதம் ஏறியிருந்தது. மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால்பவுடரும் மருந்தும் ஏற்றிய கப்பல் கிளம்பியது இந்த நேரத்தில்தான். ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே ஓடினார்.

பிறகு 2023 மார்ச்சில் நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. நிபந்தனைகள் இல்லாமலா? 2024 ஜனவரியில் வாட் வரி 18 சதவிகிதம் ஆனது. துறைமுகம் வேணும்னு கேட்காத, பத்திரத்தில் கையெழுத்துப் போடாத ஆள்கூட, சோப்பு வாங்கும்போது அந்தக் கடனுக்குத் தவணை கட்டுகிறார்.

நம்ம வீட்டிலும் நடந்தது

'பக்கத்து வீட்டுக் கதைதானே'ன்னு நினைக்க வேண்டாம். 1980-களில் நாமும் வரவுக்கு மீறிச் செலவு செய்து, வெளியில் கடன் வாங்கிக்கொண்டிருந்தோம். வளைகுடாப் போரில் பெட்ரோல் விலை ஏறியதும் குட்டு உடைந்தது. 1991-ல் சில வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் மிச்சம். மே மாதம் 20 டன் தங்கத்தை, திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு விற்றார்கள். ஜூலையில் சுமார் 47 டன் தங்கம் அடகுக்காக வெளிநாடு போனது. அதே இந்தியா 2009-ல் சர்வதேச நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை விலை கொடுத்து வாங்கியது தனிக் கதை!

அந்த அடியில் ஒரு பாடம் படிச்சோம். இன்று மத்திய அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டில் வாங்கியது. கடன் கொடுத்தது யார் தெரியுமா? வங்கிகள், எல்.ஐ.சி., பி.எஃப். நிதி. அதாவது உங்க அப்பா கட்டற பிரீமியமும் அம்மா போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டும் சுற்றிச் சுற்றி அங்கேதான் போகுது. டாலர் ஏறினால் இந்தக் கடன் வீங்காது.

அதுக்காகக் காலை நீட்டிப் படுத்துவிடவும் முடியாது. 2025-26 மத்திய பட்ஜெட்டில், அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன். செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 காசு பழைய கடனுக்கு வட்டி. லேப், ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப் எல்லாம் மீதியில்தான். உலகத்தில் 330 கோடிப் பேர் வாழும் நாடுகளில் கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவழிப்பதைவிட வட்டிக்கு அதிகம் போகிறது என்று 2024-ல் கணக்குச் சொன்னது ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு.

எக்ஸல் ஷீட்டில் விழுந்த ஓட்டை

'சரி, எவ்வளவு கடன் வரைக்கும் ஓகே? ஒரு நம்பர் சொல்லுங்க'ன்னு கேட்பீங்க. அப்படி ஒரு நம்பர் 2010-ல் வந்தது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதாரப் பேராசிரியர்கள், கடன் ஒரு நாட்டின் வருஷ உற்பத்தியில் 90 சதவிகிதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்றார்கள். பணக்கார நாடுகளின் மந்திரிகள் அதைக் காட்டிக் காட்டிச் செலவை வெட்டினார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்று ஒரு மாணவர். கிளாஸ் அசைன்மென்ட்டுக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டார். விடை வரலை. பேராசிரியர்களிடமே எக்ஸல் ஃபைலைக் கேட்டு வாங்கித் திறந்தால், ஃபார்முலாவில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன! இதையும் இன்னும் சில குறைகளையும் சரிசெய்து 2013-ல் வெளியிட்டார்கள். அதிகக் கடன் நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 இல்லை, 2.2 சதவிகிதம் என்று வந்தது. கடன் ஏறினால் வளர்ச்சி கொஞ்சம் குறையலாம். ஆனா 90-ல் ஒரு பள்ளம் காத்திருக்கு என்பது நிற்கவில்லை. அசைன்மென்ட்டைக் காப்பி அடிக்காமல் போட்டால் என்ன நடக்கும்னு பாருங்க! ஜப்பான் அரசின் கடன் அந்த நாட்டு வருஷ உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அது பெரும்பாலும் சொந்த நாணயத்தில், சொந்த நாட்டுக்காரர்களிடம் வாங்கியது. இலங்கைக்கு அந்த வசதி இல்லை.

அரசைக் கேளுங்க... நாலே கேள்வி!

ஒன்று, எதுக்கு? ரோடு, மின்சாரம், ஆலை, படிப்பு என்றால் நாளைக்கு வருமானம் உண்டு. சம்பளம் போடவும் பழைய வட்டி கட்டவும் கடன் என்றால் அது கடன் வாங்கிக் கல்யாண விருந்து.

இரண்டு, எந்த நாணயத்தில்? டாலரில் வாங்கினால் டாலர் சம்பாதிக்க வழி இருக்கணும்.

மூன்று, என்ன வட்டி, எவ்வளவு கெடு? சென்னை மெட்ரோவுக்கு ஜப்பான் கொடுத்தது குறைந்த வட்டி, நீண்ட தவணை. பத்திரச் சந்தை அப்படி இல்லை. நாட்டின் வருமானம் 100, கடன் 60 என்று வையுங்க. வட்டி 7 சதவிகிதம், வருமானம் 10 சதவிகிதம் வளர்ந்தால், வட்டியைக்கூடக் கடன் வாங்கிக் கட்டினாலும் பங்கு 58-க்கு இறங்கும். வட்டி 8, வளர்ச்சி 3 என்றால் 63-க்கு ஏறும். ஒரே வருஷத்தில்!

நான்கு, யாருக்குத் தெரியும்? மொசாம்பிக்கில் நாடாளுமன்றத்துக்கே சொல்லாமல் வாங்கிய கடன் 2016-ல் அம்பலமானது. உதவிய நாடுகள் கையை உதறின. நாடு தவணை தவறியது.

இந்த நாலுக்கும் நல்ல பதில் இருந்தால், வளரும் நாடு கடன் வாங்கத் தயங்க வேண்டாம். வாங்காமல் இருந்தால் பாலமும் பள்ளிக்கூடமும் இன்னும் ஒரு தலைமுறைக்குத் தள்ளிப் போகும். பதில் மழுப்பலாக வந்தால், சின்னக் கடனும் ஆபத்துதான்.

அடுத்த பிப்ரவரியில் பட்ஜெட் வரும்போது வருமான வரி பற்றிய செய்தியோடு நிறுத்தாதீங்க. 'வருவாய்ப் பற்றாக்குறை', 'மூலதனச் செலவு' என்று இரண்டு வரி இருக்கும். முதலாவது, அன்றாடச் செலவுக்கு எவ்வளவு துண்டு விழுதுன்னு சொல்லும். இரண்டாவது, நாளைக்காக எவ்வளவு போடறாங்கன்னு சொல்லும். ரெண்டையும் போன வருஷத்தோடு ஒப்பிடுங்க, ஐந்து நிமிஷ வேலை.

2023 நவம்பரில் நம்ம மத்திய அரசு முதன்முறையாக 50 வருஷக் கடன் பத்திரம் விற்றது. அதன் கெடு 2073. அப்போ உங்களுக்கு என்ன வயசு இருக்கும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. அதுவரைக்கும் அதுக்கு வட்டி கட்டப் போற வரிப்பணத்தில் உங்க சம்பளமும் இருக்கு.