ஐந்தாவது வயர்

வட அமெரிக்க வீடுகளில் கூடத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் நிலவறை ஃபர்னஸையும் கோடையில் வெளியே நிற்கும் ஏசி கம்ப்ரஸரையும் ஆட்டிவைப்பது அதுதான். தெர்மோஸ்டாட் என்று பெயர் பெரிதாக இருந்தாலும், அது வெறும் சுவிட்சு. அதைக் கழற்றிவிட்டு வைஃபை வசதியுள்ள ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்ட நினைப்பவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், செயலியைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சுவருக்குள் இருக்கும் வயர்களை.

1953இல் ஹனிவெல் வெளியிட்ட வட்ட வடிவத் தெர்மோஸ்டாட்டைத் திறந்தால் உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் சுருட்டிய ஒரு சுருள். அதன் மேல் பாதரசம் அடைத்த கண்ணாடிக் குமிழ். அறை குளிர்ந்தால் இரு உலோகங்களும் வேறுவேறு அளவில் சுருங்கும். சுருள் முறுகும், குமிழ் சாயும், பாதரசம் உருண்டு போய் இரண்டு முனைகளை இணைக்கும். ஃபர்னஸ் எரியத் தொடங்கும். இந்த வேலைக்கு அந்தப் பெட்டி தனக்கென ஒரு சொட்டு மின்சாரம்கூட வாங்கியதில்லை!

சிக்கல் அங்கேதான். ஃபர்னஸில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை 24 வோல்ட்டாகக் குறைத்து ‘ஆர்’ என்ற வயரில் மேலே அனுப்புகிறது. அதை ‘டபிள்யூ’வோடு இணைத்தால் வெப்பம், ‘ஒய்’யோடு இணைத்தால் குளிர், ‘ஜி’யோடு இணைத்தால் காற்றாடி. நான்கு வயர் போதும். பல பழைய வீடுகளில் அதற்கு மேல் இழுக்கவும் இல்லை. திரையும் வைஃபையும் உள்ள புதிய பெட்டிக்கோ எந்நேரமும் மின்சாரம் வேண்டும். மின்சுற்று முழுமையடைய, டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனையிலிருந்து ‘சி’ என்ற ஐந்தாவது வயர் வர வேண்டும்.

‘சி’ இல்லாத வீட்டில் சில தெர்மோஸ்டாட்கள் செய்யும் தந்திரம் நம் ஊரில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதைப் போன்றது. ஏசி ஓடாத நேரத்தில், கம்ப்ரஸரை இயக்கும் ரிலேயின் சுருள் வழியாகவே மிகச் சிறிய மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். ரிலே விழித்துக்கொள்ளாத அளவுக்குச் சிறியது. ஏசி ஓடும்போது இந்த வழி அடைபட்டுவிடும். அப்போது ரிலே விடுபடுவதற்குள் இணைப்பைக் கணநேரம் துண்டித்து ஒரு மிடறு குடித்துக்கொள்ளும். 2011இல் வந்த நெஸ்ட் தெர்மோஸ்டாட் இப்படித்தான் தன் பேட்டரியை ஏற்றியது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சில ஃபர்னஸ்களின் மின்னணுப் பலகைகள் அந்தக் கசிவையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும்; ரிலே படபடக்கும், காற்றாடி தானாகச் சுற்றும். டொராண்டோவின் ஈகோபீ நிறுவனம் கொடுக்கும் வழி வேறு: ஃபர்னஸ் பக்கம் ஒரு சிறு அடாப்டரை மாட்டினால் நான்கு வயரிலேயே ஐந்தின் வேலை நடக்கும். எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது.

சோதிப்பது எளிது. மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றி ஒரு படம் எடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம், வயர் மாட்டியிருக்கும் முனையின் எழுத்தைப் படியுங்கள். யாரும் பயன்படுத்தாத ஒரு வயர் சுவருக்குள் சுருண்டு கிடக்கலாம். அதன் மறுமுனையை ஃபர்னஸில் ‘சி’யோடு இணைத்தால் போதும். ‘ஓ’ அல்லது ‘பி’ இருந்தால் அது பெரும்பாலும் வெப்பம், குளிர் இரண்டையும் தரும் ஹீட் பம்ப்; புதிய தெர்மோஸ்டாட்டில் அந்த அமைப்பை மாற்றிச் சொல்லிவிட்டால், குளிர் கேட்கும்போது அனல் வரும். எழுத்தே இல்லாமல் தடித்த வயர்கள் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது சுவரோர ஹீட்டருக்கு நேராகச் செல்லும் 120 அல்லது 240 வோல்ட்டாக இருக்கலாம். 24 வோல்ட் பெட்டி அங்கே கருகிவிடும்.

நம் வீட்டு ஸ்பிளிட் ஏசியில் இந்த ஆர், டபிள்யூ எதுவும் கிடையாது. வெப்பநிலையைப் பார்ப்பது ஏசிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ரிமோட்டின் சமிக்ஞையைப் பழகிக்கொள்ளும் வைஃபை கருவி போதும். ஆகவே அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் தெர்மோஸ்டாட் வாங்கிவரச் சொல்லாதீர்கள்.